சொன்ன பேச்சு கேளாத சிஸ்டம்கள்

திங்கட்கிழமை காலை. சிஸ்டத்தை ஆன் செய்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வரை திரையில் சோம்பல் முறித்துக்கொண்டிருந்த உங்கள் வீட்டுப் பூனையைக் காணோம். அந்த இடத்தில் கம்பெனி லோகோ. பென் டிரைவைச் செருகினால் ‘அனுமதி இல்லை’ என்கிறது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஸ்கிரீன் தானாகவே பூட்டிக்கொண்டிருக்கிறது. “ஐடி ஆளுங்க வேலைய காட்டிட்டாங்கப்பா” என்று பக்கத்து சீட்டில் முணுமுணுப்பு.

ஆனால் சனி, ஞாயிறில் ஒருவரும் உங்கள் மேஜைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லையே! மவுஸைத் தொடவில்லை, சிடி போடவில்லை. எல்லா மேஜையிலும் ஒரே நாளில் ஒரே மாற்றம் எப்படி நடந்தது?

வாருங்கள், பின்வாசல் வழியாக உள்ளே போவோம். ஏசி குளிரில் விளக்குகள் சிமிட்டும் அந்த அறைக்குள் நடப்பது ரொம்பவே ருசியான கூத்து. இந்த வித்தைக்குப் பெயர் குரூப் பாலிசி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அதில் பார்க்க ஒன்றுமில்லை. எல்லா சிஸ்டமும் மாறி, நாலே நாலு மட்டும் ‘மாட்டேன்’ என்று முறுக்கிக்கொண்டு நிற்கும் பாருங்கள், அப்போதுதான் சுவாரசியம் தொடங்குகிறது. முதலிலேயே காதில் போட்டுவைக்கிறேன்: பாலிசி அப்டேட் ஆகவில்லை என்றால், அந்தப் பாலிசியில் கோளாறு இருப்பது அபூர்வம். குற்றவாளி எங்கேயோ ஒளிந்திருப்பான். எரர் மெசேஜ் கைகாட்டுவது வேறு ஒருத்தனை.

முதலில் கடிகாரக் கணக்கு. குரூப் பாலிசி பிறந்தது விண்டோஸ் 2000-உடன். அது விற்பனைக்கு வந்தது 2000 பிப்ரவரி 17. அதற்கு முந்தைய என்டி 4.0-இல் ‘சிஸ்டம் பாலிசி’ என்று ஒன்று இருந்தது. அது ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்குகளைப் போட்டுவைக்கும் கிடங்கில், எழுதியது எழுதியதுதான், பாலிசியையே தூக்கினாலும் எழுத்து போகாது. குரூப் பாலிசி அந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்த்தது. டொமைனில், அதாவது ஆபீஸ் சிஸ்டங்களின் கூட்டுக் குடும்பத்தில், சேர்ந்த ஒவ்வொரு சிஸ்டமும் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே அந்தக் குடும்பத்தை ஆளும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரிடம் போய், ‘எனக்கு ஏதாவது புதுசா இருக்கா?’ என்று கேட்டுவிட்டு வரும். நீங்கள் எக்ஸெல்லில் மூழ்கியிருக்கும்போதே இது நடக்கிறது. 90-உடன் 0 முதல் 30 நிமிஷம் வரை ஏதாவது ஒரு எண்ணைச் சீட்டுப் போட்டு எடுத்ததுபோல் கூட்டிக்கொள்ளும். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஒன்றாக ஆன் செய்கிறார்கள். எல்லா சிஸ்டமும் ஒரே நொடியில் போய் நின்றால் கன்ட்ரோலர் திணறிப்போகும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஆக 90 கூட்டல் 30, மொத்தம் 120 நிமிஷம். “மாத்திட்டோம் மேடம், ரெண்டு மணி நேரத்துல வந்துடும்” என்று ஐடி தம்பி சொல்கிறாரே, அது தட்டிக்கழிப்பது என்றுதானே நினைத்தீர்கள்? அட, அவர் சொன்னது துல்லியமான கணக்கு! டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்கான பாலிசியை 5 நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட செட்டிங்குகள் மட்டும், ஒன்றுமே மாறாவிட்டாலும் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசப்படும். கெட்டிக்கார ஊழியர் ஒருவர் ரெஜிஸ்ட்ரியை நோண்டி எதையாவது தளர்த்தி வைத்தால், மறுநாளைக்குள் அது பழையபடி இறுகிவிடுவதன் ரகசியம் இதுதான்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை: ஜிபிஅப்டேட் ஸ்லாஷ் ஃபோர்ஸ். இதை அடித்துவிட்டு அந்த மின்னும் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இத்தொழிலின் தனிச் சுகம். கம்ப்யூட்டர் பாலிசி வெற்றி, யூசர் பாலிசி வெற்றி என்று இரண்டு வரி வந்தால் டீக்குப் போகலாம். வராமல் பத்து வரிக்கு நீளமாக ஏதாவது கொட்டினால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இனி நிஜமான ரகசியம். ஒரு பாலிசி என்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு துண்டு. ஒரு துண்டு டொமைனின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கிறது: பெயர், யாருக்குப் பொருந்தும், எத்தனையாவது பதிப்பு என்ற விவரம். இன்னொரு துண்டு ஸிஸ்வால் என்ற பகிர்வு ஃபோல்டரில் கோப்புகளாக இருக்கிறது: உண்மையான கட்டளைகள் எல்லாம் அங்கேதான். இரண்டும் எல்லா டொமைன் கன்ட்ரோலர்களுக்கும் நகலாகிப் போக வேண்டும், போவதோ வெவ்வேறு பாதையில். கல்யாணப் பத்திரிகையில் ஒரு மண்டபத்தின் பெயர், பந்தல் போட்டதோ இன்னொரு மண்டபத்தில் என்றால் வந்த சொந்தக்காரர்கள் என்ன ஆவார்கள்? அதே முழிப்புதான் உங்கள் சிஸ்டமும் முழிக்கும்.

ஸிஸ்வாலுக்குள் நுழைந்தால் ‘பாலிசீஸ்’ ஃபோல்டரில் மீசை அடைப்புக்குறிகளுக்குள் நீள நீளமான எண்கள். அதில் ஒன்று 31பி2எஃப்340 என்று தொடங்கும். அதுதான் ‘டீஃபால்ட் டொமைன் பாலிசி’. ஒரு சங்கதி சொல்கிறேன், சிலிர்த்துப்போவீர்கள்: இந்த எண் உலகம் முழுக்க ஒன்றே. ஓஸ்லோ வங்கியிலும் இதே எண், ஓசூர் ஆலையிலும் இதே எண். டொமைன் உருவாகும்போதே இந்தப் பெயரோடு பிறக்கும்படி மைக்ரோசாஃப்ட் கட்டிவைத்திருக்கிறது. எந்தக் கம்பெனியின் சர்வர் முன்னால் உட்கார வைத்தாலும் இந்த எண்ணைப் பார்த்ததும் பழைய சிநேகிதரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

அந்த ஃபோல்டருக்குள் ஜிபிடி.ஐஎன்ஐ என்று ஒரு குட்டிக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் இரண்டு மூன்று வரிதான். ‘வெர்ஷன் = 196612’ என்று இருக்கிறது என்று வையுங்கள். இந்தப் பாலிசியை இரண்டு லட்சம் தடவையா திருத்தினார்கள்? இல்லை! ஒரே எண்ணுக்குள் இரண்டு எண்களை மடித்து வைத்திருக்கிறார்கள். 65536-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 4. யூசர் பகுதி 3-வது பதிப்பில் இருக்கிறது, கம்ப்யூட்டர் பகுதி 4-வது பதிப்பில். ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ நகலெடுப்பு சிக்கியிருக்கிறது. நீங்கள் பாலிசியைத் திருத்துவது வழக்கமாக ‘பிடிசி எமுலேட்டர்’ என்ற மூத்த கன்ட்ரோலரில். கிளை அலுவலகத்து சிஸ்டம் கேட்பதோ பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோலரிடம். இரண்டு ஊர்களுக்கு இடையே ஆக்டிவ் டைரக்டரி நகலாகும் இடைவெளி, யாரும் மாற்றி வைக்காதவரை, 180 நிமிஷம். ‘ஹெட் ஆபீஸ்ல வந்துடுச்சு, எங்களுக்கு மட்டும் வரல’ என்று கிளையில் இருந்து வரும் சலிப்புக்குப் பாதி நேரம் இதுவே காரணம். யாரும் எதையும் சரிசெய்ய வேண்டாம், மதியச் சாப்பாடு முடிந்து வந்தால் போதும்.

ஸிஸ்வால் கோப்புகளின் நகலெடுப்பு நின்றுபோனால் கதை வேறு. புதிய சர்வர்களில் ஒரு கன்ட்ரோலர் 60 நாளுக்கு மேல் இந்த நகலெடுப்பில் இருந்து விலகியிருந்தால், ‘உன்னிடம் இருப்பது ஊசிப்போன சரக்கு’ என்று நகலெடுப்புச் சேவையே அதை ஒதுக்கி வைத்துவிடும். அதற்குமேல் கைவைக்காமல் தானாகச் சேராது. இந்த விலக்கு நடந்ததே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஆபீஸ்கள் உண்டு. அந்தக் கன்ட்ரோலரைப் போய்க் கேட்கும் சிஸ்டங்களுக்கு மட்டும் பழைய வால்பேப்பர், பழைய பிரிண்டர், பழைய உலகம்.

இப்போது துப்பறியும் படலம். ஈவன்ட் வியூவரைத் திறந்தால் சிவப்புக் குறியோடு எண்கள் நிற்கும். 1058 இருப்பதிலேயே பிரபலம்: ‘ஜிபிடி.ஐஎன்ஐ கோப்பைப் படிக்க முடியவில்லை.’ உடனே எல்லோரும் அந்தக் கோப்பைத் தேடி ஓடுவார்கள். கோப்பு குத்துக்கல்லாக அங்கேயே இருக்கும்! ஓடாதீர்கள், பக்கத்திலேயே ‘டீடெய்ல்ஸ்’ என்று ஒரு தாவல் இருக்கிறதே, அதைச் சொடுக்குங்கள். உள்ளே ‘எரர் கோட்’ என்று ஒரு சின்ன எண். அதுதான் அசல் வாக்குமூலம். 3 என்றால் பாதையே கிடைக்கவில்லை. 5 என்றால் கதவைத் தட்டினேன், உள்ளே விடவில்லை. 53 என்றால் அந்த சர்வர் இருக்கும் திசையே தெரியவில்லை. ஒரே 1058, மூன்று தனித்தனி வியாதி. இந்தத் தாவலைப் பார்க்காமலேயே சிஸ்டத்தை ஃபார்மட் அடிக்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

1006 என்ற எண்ணுடன் 49 வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அது பெரும்பாலும் ஒரே ஆள் இரண்டு சிஸ்டத்தில் லாகின் செய்த கதை. ஒரு சிஸ்டத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். இன்னொரு சிஸ்டம் பழைய பாஸ்வேர்டையே வைத்துக்கொண்டு கன்ட்ரோலரின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. லாகவுட் செய்து புதிய பாஸ்வேர்டில் நுழைந்தால் முடிந்தது.

குற்றவாளிகள் வரிசையில் முதல் நாற்காலி யாருக்கு என்று கேட்டால், யோசிக்காமல், பெயரைச் சொன்னால் முகவரி தரும் டிஎன்எஸ்-ஐக் காட்டுவேன். கிளையில் ரவுட்டர் பழுதாகிவிட்டது. இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி ஆள் வந்து புது ரவுட்டர் மாட்டுகிறார். நல்ல மனுஷர். போகிறபோக்கில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்று போட்டுவிட்டுப் போகிறார். அதன்பின் நடக்கும் தொலைபேசி உரையாடல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்:

“அண்ணே, பாலிசி ஏறவே மாட்டேங்குது.”

“நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும் தம்பி, பாரு.”

“நெட் சூப்பரா வருதுண்ணே! யூடியூப் ஓடுது, பேங்க் சைட் ஓடுது. நெட்வொர்க்லாம் பக்கா.”

“ஐபி-கான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் அடிச்சு, டிஎன்எஸ்னு இருக்கிற வரிய மட்டும் படி.”

“நாலு எட்டு இருக்குண்ணே.”

“சரி, அதை எடுத்துடு.”

ஏன் நாலு எட்டு ஆகாது? உங்கள் சிஸ்டத்துக்கு டொமைன் கன்ட்ரோலரின் முகவரி மனப்பாடம் கிடையாது. ஒவ்வொரு முறையும் டிஎன்எஸ்-இடம், ‘எங்கள் டொமைனுக்கு எல்டாப் சேவை தருகிறவர் யார்?’ என்று எஸ்ஆர்வி பதிவு ஒன்றைக் கேட்கும். அந்தப் பதிவு ஆபீஸ் டிஎன்எஸ்-இல் மட்டும்தான் உண்டு. கூகுளின் 8.8.8.8-க்கு உலகத்தில் உள்ள எல்லா வலைத்தளமும் தெரியும், உங்கள் ஆபீஸின் கன்ட்ரோலர் மட்டும் தெரியாது. ‘அப்படி யாரும் இல்லையே’ என்று பளிச்சென்று பதில் சொல்லிவிடும். இதில் ஆபத்தான வகை, ஆபீஸ் டிஎன்எஸ்-ஐ முதலிலும் 8.8.8.8-ஐ இரண்டாவதிலும் போட்டு வைப்பது. முதலாமவர் ஒரு கணம் தாமதித்தால் சிஸ்டம் இரண்டாமவரிடம் போய்விடும். ஒரு நாள் பாலிசி வரும், ஒரு நாள் வராது. ‘அப்பப்ப வருது சார்’ என்று புகார் டிக்கெட்டில் எழுதியிருந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டாவது வரியைத்தான். என்எல்டெஸ்ட் என்ற கருவியில் ‘டிஎஸ்கெட்டிசி’ என்று டொமைன் பெயரோடு கேட்டால், சிஸ்டம் இப்போது எந்தக் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கிறது என்று கக்கிவிடும்.

அடுத்தவர் கடிகாரம். ஆமாம், திரையின் ஓரத்தில் மணி காட்டும் அதே கடிகாரம்! கன்ட்ரோலரிடம் ‘நான்தான்’ என்று நிரூபிக்க விண்டோஸ் பயன்படுத்துவது கெர்பரோஸ் முறை. அமெரிக்காவின் எம்ஐடி-யில் அதீனா திட்டத்தில் பிறந்தது. கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரை வைத்தார்கள். அந்த நாய்க்கு ஒரு பழக்கம்: சிஸ்டத்தின் மணிக்கும் கன்ட்ரோலரின் மணிக்கும் 5 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது அதன் இயல்பான விதி. கெர்பரோஸ் தரும் நுழைவு டிக்கெட் பழையதை யாரோ திருடி வைத்துக்கொண்டு மறுபடி நீட்டலாம் அல்லவா, அதற்கான காவல். இப்போது மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் சிஆர்2032 என்ற நாணயம் போன்ற பேட்டரி செத்துவிட்டது. சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால், காலையில் அது வேறு ஏதோ ஒரு வருடத்தில் கண் விழிக்கிறது. கடையில் ஐம்பது ரூபாய்கூட ஆகாத பேட்டரி. வருவதோ ‘டொமைன் கன்ட்ரோலரை அணுக முடியவில்லை’ என்ற பயங்கரமான எரர்.

நேர மண்டலம் தப்பாக இருப்பது இன்னும் குசும்பு. உள்ளுக்குள் கணக்கெல்லாம் உலகப் பொது நேரத்தில்தான். மண்டலத்தை அமெரிக்காவில் விட்டுவிட்டு, ‘மணி தப்பாக் காட்டுதே’ என்று முள்ளை மட்டும் கையால் இந்திய நேரத்துக்குத் திருப்பினால், கண்ணுக்கு மணி சரி. உள்ளே பல மணி நேரம் பிசகு. நாய் விடாது.

சிஸ்டங்களுக்கும் பாஸ்வேர்டு உண்டு தெரியுமா? உங்களுடையது அல்ல, சிஸ்டத்தின் சொந்த பாஸ்வேர்டு. 30 நாளுக்கு ஒருமுறை அதுவே மாற்றிக்கொள்ளும். உங்களைப்போல் மானிட்டரில் சீட்டு ஒட்டி வைக்காது. ‘ஆறு மாசம் அலமாரியில கிடந்த லேப்டாப், டொமைன் உறவு அறுந்துபோச்சு’ என்று பலரும் நம்புகிறார்கள். அது கட்டுக்கதை. பாஸ்வேர்டை மாற்றத் தொடங்குவது சிஸ்டம்தான், கன்ட்ரோலர் அல்ல. சிஸ்டம் தூங்கினால் பாஸ்வேர்டும் தூங்கும். எழுந்ததும் இரண்டும் ஒத்துப்போகும். உறவு நிஜமாகவே அறுவது, மாதங்களுக்கு முந்தைய பேக்கப் பிம்பத்தைக் கொண்டுவந்து போடும்போதும், விர்ச்சுவல் மெஷினைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பும்போதும்தான். சிஸ்டம் பழைய பாஸ்வேர்டோடு வந்து நிற்கும், கன்ட்ரோலரோ புதியதைக் கேட்கும். பவர்ஷெல்லில் ஒரே வரியில் அந்த ரகசிய இணைப்பைச் சோதித்து, பழுதும் பார்க்கலாம். டொமைனில் இருந்து கழற்றி மறுபடி சேர்த்து, இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து அரை நாளைத் தின்பது பழைய வைத்தியம்.

உள்ளூர் சதியும் உண்டு. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, குரூப்பாலிசி, மெஷின் என்று உள்ளே உள்ளே போனால் ரெஜிஸ்ட்ரி.பால் என்று ஒரு கோப்பு. குரூப்பாலிசி ஃபோல்டர் மறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும். ஈவன்ட் எண் 1096 வந்தால் எங்கள் மேஜையில் எழும் குரல்: “அண்ணே, பால் திரிஞ்சு போச்சு!” உண்மையும் அதுதான். நல்ல கோப்பு பி, ஆர், இ, ஜி என்ற நான்கு எழுத்தோடு தொடங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ டிஸ்க் படுத்தாலோ அந்த முகப்பே சிதைந்திருக்கும். பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு ஜிபிஅப்டேட் அடித்தால் புதுப்பால் கறந்து வந்துவிடும். இத்தனை வியாதியிலும் இது ஒன்றுதான் கிட்டத்தட்ட பாலிசியின் உடம்பிலேயே வருவது.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த கதை. புத்தம் புதிய சிஸ்டம், எஸ்எஸ்டி போட்டது, கண் இமைப்பதற்குள் லாகின் திரை வருகிறது. அதில் மட்டும் தினமும் காலையில் 1129: ‘டொமைன் கன்ட்ரோலருடன் நெட்வொர்க் தொடர்பு இல்லை.’ பக்கத்தில் இருக்கும் ஓட்டை சிஸ்டம் ஆடி அசைந்து எழுந்து பாலிசியை ஒழுங்காக வாங்கிக்கொள்கிறது! கேபிளை மாற்றினார்கள், நெட்வொர்க் கார்டு டிரைவரை மாற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. குற்றவாளி சுவரில் தொங்கும் சுவிட்ச். நெட்வொர்க்கில் சுற்றுப்பாதை விழாமல் காக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில், ஒரு போர்ட்டில் ஏதாவது உயிர் பெற்றால் சுவிட்ச் உடனே பாதையைத் திறக்காது. 15 விநாடி கேட்டுக்கொண்டிருக்கும், இன்னொரு 15 விநாடி கற்றுக்கொள்ளும், அப்புறம்தான் விடும். ஹார்டு டிஸ்க் காலத்தில் சிஸ்டம் எழுவதற்கே அதைவிட நேரமாகும், யாருக்கும் தெரியவில்லை. எஸ்எஸ்டி வந்ததும் சிஸ்டம் சுவிட்சை முந்திவிட்டது! வேகமாக ஓடியதற்குத் தண்டனை. சுவிட்சில் அந்தப் போர்ட்டை ‘இதில் வெறும் சிஸ்டம்தான் இருக்கிறது, உடனே திற’ என்று குறித்துவிட்டால் 1129 ஓடிப்போகும். ‘நெட்வொர்க் வரும்வரை காத்திரு’ என்று பாலிசியிலேயே ஒரு செட்டிங் உண்டு, அதையும் போடலாம்.

உலகம் முழுக்க அட்மின்களின் வயிற்றைக் கலக்கிய நாள் ஒன்றும் உண்டு. 2016 ஜூன் 14. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டில் எம்எஸ்16-072 என்று ஒன்று வந்தது. அடுத்தடுத்த நாட்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாலிசிகள் சத்தமில்லாமல் நின்றுபோயின. டிரைவ் மேப்பிங் போனது, பிரிண்டர் போனது, மறைத்து வைத்திருந்த டிரைவ்கள் வெளியே வந்து நின்றன. அப்டேட் கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரும் கத்தினார்கள். கெட்டுப்போகவே இல்லை, அப்படித்தான் நடக்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்தது! அதுவரை யூசர் பாலிசிகளை யூசரின் அடையாளத்தில் போய் எடுத்துவந்த விண்டோஸ், அன்று முதல் கம்ப்யூட்டரின் அடையாளத்தில் எடுக்கத் தொடங்கியது. நடுவழியில் புகுந்து போலிப் பாலிசியைத் திணிப்பவனைத் தடுக்க அந்த மாற்றம். ஆனால் ‘இந்தப் பாலிசி அக்கௌன்ட்ஸ் குரூப்புக்கு மட்டும்’ என்று சிக்கனமாக அனுமதி கொடுத்திருந்தவர்கள், பொது அனுமதியை நீக்கி வைத்திருந்தார்கள். அக்கௌன்ட்ஸ் மேடமுக்கு அனுமதி இருக்கிறது, அவர் உட்கார்ந்திருக்கும் சிஸ்டத்துக்கு இல்லை. சிஸ்டம் போய்க் கேட்டது, கதவு மூடியது. டெலிகேஷன் தாவலில் ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ என்ற குழுவுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்ததும் எல்லாம் உயிர் பெற்றன. அந்தப் பழைய ஏற்பாடு இன்றைக்கும் சில ஆபீஸ்களில் உறங்குகிறது. புதிதாக ஒரு பாலிசிக்கு ஆள் பிரிக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு முந்தைய வருடம், 2015 பிப்ரவரியில், ‘ஜாஸ்பக்’ என்று பெயர் பெற்ற ஓட்டையை எம்எஸ்15-011 அடைத்தது. அதில் ஒரு வேடிக்கை. அப்டேட்டைப் போட்டால் மட்டும் போதாது, ஸிஸ்வால் பாதையை இறுக்கும் செட்டிங்கையும் அட்மின்தான் போட வேண்டும். எப்படிப் போடுவது? குரூப் பாலிசி வழியாக! குரூப் பாலிசியின் ஓட்டையை அடைக்கும் மருந்து, அதே குரூப் பாலிசியில் ஏறிப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று இரண்டு வரியும் வந்தபிறகும் ஒன்றும் மாறாவிட்டால்? ஜிபிரிசல்ட் ஸ்லாஷ் ஹெச் என்று அடித்து, ஒரு கோப்புப் பெயர் கொடுத்தால், அழகான வலைப்பக்கமாக முழு ஜாதகமும் வந்துவிடும். அட்மின் உரிமையோடு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பாதி வராது. அதில் ‘நிராகரிக்கப்பட்ட பாலிசிகள்’ என்று ஒரு பகுதி, பக்கத்திலேயே காரணம். பாதுகாப்பு வடிகட்டி, டபிள்யூஎம்ஐ வடிகட்டி, வெறும் காலியான பாலிசி என்று எல்லாம் பச்சையாகப் போட்டிருக்கும். எந்தப் பட்டியலிலுமே பெயர் இல்லையா? அப்படியானால் சிஸ்டம் தப்பான வீட்டில் குடியிருக்கிறது. புதிதாக டொமைனில் சேர்க்கும் சிஸ்டங்கள் தாமாகவே ‘கம்ப்யூட்டர்ஸ்’ என்ற இடத்தில் போய் விழும். பார்க்க, பாலிசியை இணைக்கும் பிரிவான ஓயு போலவே இருக்கும், ஆனால் ஓயு அல்ல; அதன்மேல் பாலிசியை இணைக்கவே முடியாது. அவசரத்தில் சேர்த்துவிட்டு நகர்த்த மறந்த லேப்டாப்கள் அங்கே கூட்டமாக நிற்கும், டொமைன் முழுமைக்குமான பாலிசியை மட்டும் வாங்கிக்கொண்டு.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் லேப்டாப் தனி ரகம். லாகின் ஆனபிறகுதான் விபிஎன் போடுவார்கள். சிஸ்டம் எழும்போது செய்ய வேண்டிய சாஃப்ட்வேர் இன்ஸ்டால், ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் எல்லாம் அதற்குள் வண்டியைத் தவறவிட்டிருக்கும். லாகினுக்கு முன்பே இணையும் விபிஎன் வைத்திருக்கும் ஆபீஸ்களில் இந்தப் புலம்பல் குறைவு.

எதுவுமே பிடிபடாதபோது திறக்கும் கடைசிக் கதவு, ஜிபிஎஸ்விசி.லாக். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் போட்டால், பாலிசி சேவை தான் மூச்சு விடுவதைக்கூட மில்லி விநாடிக் கணக்கில் எழுதத் தொடங்கும். ஒரு தந்திரம்: விண்டோஸ் ஃபோல்டரில் டீபக் என்பதற்குள் ‘யூசர்மோட்’ என்ற ஃபோல்டரை நீங்களே உருவாக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது எழுதவும் எழுதாது, ஏன் எழுதவில்லை என்று சொல்லவும் சொல்லாது. நல்ல நல்ல ஆட்களெல்லாம் இங்கே ஒரு மணி நேரம் தொலைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, ஐடி ஆட்களை எல்லோரும் கிண்டல் செய்யும் அந்த வசனம்: “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” சிரிக்காதீர்கள், அதற்கு உள்ளே பொறி இருக்கிறது. ஒரு சிஸ்டத்தைப் புதிய குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு மட்டும் பாலிசி கொடுத்தால், அந்தச் சிஸ்டத்துக்குத் தான் குழுவில் சேர்ந்ததே தெரியாது. அதன் கையில் இருப்பது பழைய கெர்பரோஸ் டிக்கெட். சேர்ந்திருக்கும் குழுக்களின் பட்டியல் அதற்குள்தான் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் புதிய டிக்கெட், புதிய பட்டியல். ஜிபிஅப்டேட்டை எத்தனை தடவை அடித்தாலும் இது நடக்காது. ரீஸ்டார்ட் செய்ய முடியாத சர்வர் என்றால் கே-லிஸ்ட் என்ற கருவியில், சிஸ்டத்தின் சொந்த லாகின் எண்ணான ஜீரோ எக்ஸ் 3 ஈ 7-ஐக் கொடுத்து, பழைய டிக்கெட்டுகளைத் துடைத்தெறியலாம். அந்த விசித்திர எண்ணைச் சாதாரணக் கணக்கில் மாற்றினால் 999. அடுத்த தடவை உங்கள் ஐடி தம்பி ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால், “ஏன் தம்பி, 999-ஐ மட்டும் பர்ஜ் பண்ணா போதாதா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க நானும் அங்கே இருக்க ஆசைப்படுகிறேன்.